கொழும்புக்கு ஒரு மணி நேரம். அட்டுவம்பட்டிக்கு நாலு மணி நேரம்!

மதுரை விமான நிலையத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஒருவர் கொழும்புக்குப் போகிறார். மற்றவர் கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டிக்குப் போகிறார்.

கொழும்புக்காரர் கடல் தாண்டுகிறார். வேறு நாட்டுக்குப் போகிறார். நேர்கோட்டில் சுமார் 350 கிலோ மீட்டர். விமானம் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் அங்கே இறங்கி விடுகிறார்.

அட்டுவம்பட்டிக்காரர் பக்கத்து மாவட்டத்துக்குத்தான் போகிறார். கொடைக்கானல் வரை ரோட்டில் சுமார் 130 கிலோ மீட்டர். டாக்சியில் போனாலும் மூன்றரை மணி நேரம். பிறகு ஊரைத் தாண்டி, வில்பட்டி பக்கம் திரும்பி, அட்டுவம்பட்டி போய்ச் சேர இன்னும் அரை மணி. ஆக மொத்தம் நாலு மணி நேரம்!

கொழும்புக்காரர் பெட்டியை எடுத்துக் கொண்டு வெளியே வருகிறபோது, நம்ம ஆள் வத்தலக்குண்டில்தான் இருப்பார். அதற்குப் பிறகுதான் மலையே ஆரம்பம்.

எது தூரம்? கொழும்பா, கொடைக்கானலா?

பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால், "கொழும்பு" என்பான். பெட்டி தூக்கிப் போகிற மனிதரைக் கேட்டால், "கொடைக்கானல்தான்யா" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பையன் கிலோ மீட்டரைச் சொல்கிறான். பெரியவர் நேரத்தைச் சொல்கிறார்.

ஆனால் திட்டம் போடுகிறவர்கள் யார் கணக்கைப் பார்க்கிறார்கள்? பையன் கணக்கைத்தான்! சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

அரை மணியில் கொடைக்கானல்?

சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு நேர்கோடு போட்டால் சுமார் 435 கிலோ மீட்டர். பெரிய ஜெட் விமானம் உயரே போய் விட்டால் மணிக்கு 800 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் பறக்கும். வகுத்துப் பாருங்கள். முப்பத்து மூன்று நிமிடம்!

அரை மணி நேரத்தில் கொடைக்கானல்! கேட்கவே குளுகுளு என்று இருக்கிறது அல்லவா?

ஆனால் கொடைக்கானலில் விமான நிலையம் இல்லை. இறங்க இடம் இல்லாத ஊருக்குப் பறக்கிற நேரம் எதற்கு?

சரி, விமான நிலையம் இருக்கிற மதுரையையே எடுத்துக் கொள்வோம். சென்னை – மதுரை வானத்து வழி சுமார் 417 கிலோ மீட்டர். வகுத்தல் கணக்கில் இதுவும் அரை மணிதான். ஆனால் விமானக் கம்பெனி அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றே கால் மணி நேரம் போட்டிருக்கும்.

மீதி முக்கால் மணி எங்கே போயிற்று?

விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்ததுமே கடிகாரம் ஓட ஆரம்பித்து விடும். ஓடுபாதை வரை உருள வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் போகும் வரை காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும், கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இறங்கும் திசைக்கு ஏற்ப ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். தரையில் இறங்கி, உரிய இடத்தில் நின்றால்தான் கடிகாரம் நிற்கும். இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானம் என்றால் வேகமே 500 கிலோ மீட்டர்தான்.

ஆக, "பறக்கிற நேரம்" என்பதிலேயே பாதி பறக்காத நேரம்!

வீட்டு வாசலில் இருந்து கணக்கு

இனி உண்மையான கணக்குக்கு வருவோம். சென்னையில் ஒரு குமாஸ்தா. குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறார். அவரது கடிகாரம் வீட்டுக் கதவைப் பூட்டியதுமே ஓட ஆரம்பிக்கிறது.

விமானத்தில் போனால்:

வீட்டிலிருந்து மீனம்பாக்கம் – 1 மணி.
சோதனை, வரிசை, காத்திருப்பு – ஒன்றரை மணி.
மதுரை வரை விமானம் – ஒன்றே கால் மணி.
பெட்டி எடுத்து வெளியே வர – அரை மணி.
டாக்சியில் கொடைக்கானல் – மூன்றரை மணி.

மொத்தம் ஏழே முக்கால் மணி நேரம்!

ரெயிலில் போனால்:

சென்னை – மதுரை தேஜஸ் எக்ஸ்பிரஸ் 2019 மார்ச் 1-ந் தேதி ஓடத் தொடங்கியது. மதுரைக்கு ஆறரை மணி நேரம் என்றார்கள். ஆனால் கொடைக்கானல் போகிறவர் மதுரை வரை போக வேண்டியதில்லை. தொடங்கியபோது போட்ட அட்டவணைப்படி, முன்னாலேயே கொடைரோட்டில் இறங்கி விடலாம். எழும்பூரில் இருந்து ஏறத்தாழ ஐந்தே முக்கால் மணி.

வீட்டிலிருந்து எழும்பூர் போய் ரெயில் ஏற – ஒன்றே கால் மணி.
கொடைரோடு வரை – ஐந்தே முக்கால் மணி.
ஸ்டேஷனுக்கு வெளியே வர – கால் மணி.
டாக்சியில் 80 கிலோ மீட்டர் மலை ஏற – இரண்டரை மணி.

மொத்தம் ஒன்பதே முக்கால் மணி நேரம்.

ஏதோ பத்து இருபது நிமிடம் முன்னே பின்னே ஆகும். பஸ்சில் போனால் இரண்டு பக்கமும் கூடும். ஆனாலும் விஷயம் மாறாது.

அட்டவணையைப் பார்த்தால் விமானத்துக்கும் ரெயிலுக்கும் ஐந்தே கால் மணி நேரம் வித்தியாசம். கொடைக்கானல் போய்ச் சேர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தால் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான்!

இன்னொன்றும் கவனியுங்கள். ஏழே முக்கால் மணி நேரப் பயணத்தில் விமானத்துக்குள் இருந்தது ஒன்றே கால் மணி. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நாளைக்கே விமானத்தின் வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் நாற்பது நிமிடம்கூட மிச்சமாகாது.

கான்கார்ட் என்று ஒரு விமானம் இருந்தது. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம். 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிப் பறந்தது. லண்டனில் இருந்து நியூயார்க் 5,500 கிலோ மீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை அது சுமார் மூன்றரை மணி நேரத்தில் கடந்தது.

மதுரை விமான நிலையத்தில் இருந்து டாக்சி கொடைக்கானல் போகவும் அதே மூன்றரை மணி நேரம்தான்!

கண்ணுக்குத் தெரியும் பழனி

இதற்கு டாக்சி டிரைவரைக் குறை சொல்ல முடியாது. ரோடு போட்ட என்ஜினீயரையும் குறை சொல்ல முடியாது. மலை அப்படி.

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோவிலில் நின்று, மேகம் விலகும்போது பாருங்கள். கீழே பழனி மலை தெரியும். நேர்கோட்டில் ஏறத்தாழ 24 கிலோ மீட்டர்தான். கண்ணுக்கு ஒரு நொடி. பஸ்சுக்கு 64 கிலோ மீட்டர். இரண்டரை, மூன்று மணி நேரம்.

ஏன் இந்தச் சுற்று?

பழனி அடிவாரம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். நடுவே 1,800 மீட்டர் ஏற வேண்டும். பாரம் ஏற்றிய பஸ் மூச்சு முட்டாமல் ஏற வேண்டும் என்றால், 20 அடி போய் ஒரு அடி ஏறுவதுதான் நல்லது. அப்படிப் பார்த்தால் ஏறுவதற்கு மட்டுமே 36 கிலோ மீட்டர் ரோடு வேண்டும். பள்ளத்தாக்கைச் சுற்ற வேண்டும். ஓடையைத் தாண்ட வேண்டும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மூணாறு கதை இதைவிட வேடிக்கை. கொடைக்கானலில் இருந்து நேர்கோட்டில் மூணாறு சுமார் 50 கிலோ மீட்டர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பான்காரன் குண்டு போட்டால் மலை வழியே தப்பிப் போகலாம் என்று பேரிஜம் வழியாக மூணாறுக்குப் போகும் ரோட்டைச் சீர்படுத்தினார்கள். அது சுமார் 80 கிலோ மீட்டர். 1990-ல் அந்த வழி மூடப்பட்டது. இப்போது கீழே இறங்கி, தேனி, போடி வழியாக மறுபடியும் மலை ஏற வேண்டும். ஏறத்தாழ 170 கிலோ மீட்டர்!

வரைபடத்தில் இரண்டு ஊரும் அக்கம் பக்கம். பஸ்சில் போனால் ஒரு பகல் போச்சு.

பாட்டன் காலக் கணக்கு

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். 1875-ல் ரெயில் கொடைரோடு என்கிற அம்மையநாயக்கனூருக்கு வந்தது. அங்கே இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் ராத்திரி முழுக்க ஆடி அசைந்து பெரியகுளம் பக்கம் அடிவாரம் சேர்ந்தார்கள். பிறகு நடை, குதிரை, அல்லது கூலியாட்கள் தூக்கும் நாற்காலி. வத்தலக்குண்டு வழியாக வரும் இன்றைய மலை ரோடு 1916-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. லா என்ற ராணுவ மேஜர் அளந்த பாதை. அதனால் லாஸ் காட் ரோடு என்று பெயர்.

அந்தக் காலத்தில் யாரும் கொடைக்கானல் எத்தனை மைல் என்று கேட்டிருக்க மாட்டார்கள். எப்போது போய்ச் சேரலாம் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

தமிழனுக்கு இது புதிது அல்ல. "நாழிகை வழி" என்றே ஒரு அளவு நம்மிடம் இருந்தது. நாழிகை என்றால் 24 நிமிடம். ஒரு நாழிகை நேரத்தில் நடந்து போகிற தூரம் ஒரு நாழிகை வழி. சமதளத்தில் அது நீளமாக இருக்கும். ஏற்றத்தில் குறைந்து விடும். நடக்கிறவன் காலுக்கு ஏற்ற கணக்கு!

மலையில் இன்றைக்கும் அதே பேச்சுதான்.

"அண்ணே, வத்தலக்குண்டு எம்புட்டு தூரம்ணே?"

"ரெண்டு மணி நேரம் ஆகும் தம்பி. பனி இறங்கிட்டா மேல அரை மணி சேத்துக்க."

கிலோ மீட்டர் பேச்சே கிடையாது. தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறார்கள். நேரத்தோடு பனியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எந்த வரைபடமும் சொல்லாத விவரம் இது.

நீளுகிற தூரம்

கிலோ மீட்டர் மாறாது. நேரம் மாறும்.

மே மாதம் சீசனில் மலை ரோட்டில் கார்கள் எறும்பு வரிசை போல நிற்கின்றன. நெரிசல் தாங்காமல்தான் சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பே போட்டார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன. மண் சரிந்தது. ரோடு அடைபட்டது. அன்றைக்கு வத்தலக்குண்டு எவ்வளவு தூரம்? அதே கிலோ மீட்டர்தான். ஆனால் போய்ச் சேர வழி இல்லை!

சுற்றுலா வருகிறவருக்கு இதெல்லாம் ஒரு நாள் சலிப்பு. ஊருக்குத் திரும்பி நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கலாம். மலையிலேயே இருக்கிறவருக்கு இதுதான் வாழ்க்கை.

அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984-ல் தொடங்கியது. சமவெளியில் இருந்து பெண் பிள்ளைகள் மலை ஏறி வந்து படிக்கிற இடம். ஊருக்குப் போன பெண், மதுரையில் நாலு மணிக்கு பஸ் ஏறினால் கொடைக்கானல் வரும்போது இரவு எட்டு மணி. குளிர், பனி, அதற்கு மேல் அட்டுவம்பட்டி போக வேண்டும். வீட்டில் தாய் செல்போனைக் கையில் வைத்துக் கொண்டே உட்கார்ந்திருப்பாள். அந்தத் தாயிடம் போய், "கொடைக்கானல் 120 கிலோ மீட்டர்தானம்மா" என்று சொல்ல முடியுமா?

மேல்மலை விவசாயி பூண்டு விளைவிக்கிறார். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டி சந்தைக்குப் போக வேண்டும். மலை விளிம்பில் நின்றால் பெரியகுளம் காலடியில் தெரியும். நேர்கோட்டில் 15 கிலோ மீட்டர்கூட இருக்காது. லாரி போகிற வழி வேறு. ஆகிற நேரமும் வேறு. அந்த நேரத்துக்கெல்லாம் டீசலும் கூலியும் யார் கொடுப்பது? விவசாயிதான்!

எல்லாவற்றுக்கும் மேலே உயிர் இருக்கிறது.

மாரடைப்போ, விபத்தோ, தலையில் அடியோ – முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கொடைக்கானலில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரிய சிகிச்சை என்றால் தேனிக்கோ, திண்டுக்கல்லுக்கோ, மதுரைக்கோ இறங்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரட்டினாலும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் மலையை விட்டே இறங்க முடியாது. சமவெளியில் அதே ஒரு மணி நேரத்தில் 60 கிலோ மீட்டர் தாண்டி விடலாம்.

"பெரிய ஆஸ்பத்திரி இத்தனை கிலோ மீட்டருக்குள் இருக்கிறது" என்று எழுதி வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? சமவெளியில் ஒரு அர்த்தம். மலையில் வேறு அர்த்தம்.

ஹெலிகாப்டர் விட்டால் என்ன?

"அப்படியானால் விமான நிலையம் கட்டு, ஹெலிகாப்டர் விடு" என்பார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் யோசிக்க வேண்டும்.

விமானம் இறங்க ஒன்றரை, இரண்டு கிலோ மீட்டர் நீளத்துக்குச் சமதளம் வேண்டும். பழனி மலையில் அதற்கு எந்தக் காட்டை வெட்டுவது? எந்த மலையின் தலையைச் சீவுவது?

ஷிம்லாவில் அப்படித்தான் மலை முகட்டைச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டார்கள். அதுவும் ஊரில் இருந்து இருபது கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி. நீளம் குறைவு. சின்ன விமானம்கூட எல்லா சீட்டிலும் ஆளை நிரப்பிக் கொண்டு கிளம்ப முடியாது. 2012-ல் விமானம் நின்று போனது. மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2017 ஏப்ரல் 27-ந் தேதி மறுபடியும் டெல்லிக்கு விமானம் விட்டார்கள்.

அந்த உடான் திட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. தொடங்கியபோது ஒரு மணி நேர விமானப் பயணத்துக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு என்றார்கள். அரை மணி நேர ஹெலிகாப்டர் பயணத்துக்கும் அதே 2,500 ரூபாய். அதாவது, வானத்தில் போகிறவருக்கு அரசாங்கமே மணிக் கணக்கில் யோசிக்கிறது! தரையில் போகிறவருக்கு மட்டும் ஏன் கிலோ மீட்டர் கணக்கு?

ஹெலிகாப்டர் பனியில் பறக்காது. கொடைக்கானலில் பனி எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உதவுமானால் வரட்டும். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பூண்டு மூட்டையையும், ஹாஸ்டல் பெண்ணையும், கூலி வேலைக்காரரையும் அது ஏற்றிப் போகாது. அவர்களுக்கு ரோடும் பஸ்சும்தான் கதி.

என்ன செய்யலாம்?

மலையைக் குறைக்க முடியாது. வளைவை நிமிர்த்த முடியாது. காத்திருக்கிற நேரத்தைக் குறைக்கலாம். அதற்குக் கோடிக் கணக்கில் செலவு இல்லை.

ரெயில் கொடைரோட்டில் நிற்கிற நேரத்துக்கு மலைக்குப் போகிற பஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும். ரெயில் அரை மணி லேட் என்றால் பஸ்சும் அரை மணி நிற்க வேண்டும். மதுரை விமான நிலையத்துக்கும் இதே முறை வரட்டும். கொடைக்கானலில் அந்த பஸ் வந்து சேரும்போது, வில்பட்டி, அட்டுவம்பட்டி பக்கம் போகிற டவுன் பஸ் கிளம்பி விட்டிருக்கக் கூடாது. ரெயில்வே ஒரு அட்டவணை, பஸ் கழகம் ஒரு அட்டவணை என்று தனித்தனியே போட்டால், இரண்டுக்கும் நடுவே மாட்டிக் கொண்டு முழிப்பவர் பயணிதான்.

பரீட்சை மையம், ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் எதை ஒதுக்கினாலும், மலைக் கிராமத்துக்கு எத்தனை கிலோ மீட்டர் என்று பார்க்காமல் எத்தனை மணி நேரம் என்று பார்க்க வேண்டும். காலை பத்து மணிப் பரீட்சைக்குப் பழனி மையம் என்று போட்டால், மேல்மலைப் பிள்ளை முதல் நாளே கிளம்பி, தெரிந்தவர் வீடு தேட வேண்டியிருக்கும். அதிகாரி மேஜையில் அது 64 கிலோ மீட்டர். பிள்ளைக்கு ஒரு ராத்திரி!

உயிர் காக்கும் சிகிச்சை எதுவெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டுமோ, அதற்கான டாக்டரும் கருவியும் மலை மேலேயே இருக்க வேண்டும். இதைச் சலுகையாக யாரும் கேட்கவில்லை. சமவெளிக்காரருக்குக் கிடைக்கிற அதே ஒரு மணி நேரத்தைத்தான் மலைக்காரர் கேட்கிறார்.

விமானம் வரட்டும். ரெயில் இன்னும் வேகமாக ஓடட்டும். சந்தோஷம்தான். ஆனால் கோடி கோடியாகக் கொட்டி வானத்தில் மிச்சம் பிடிக்கிற ஒரு மணி நேரத்தை, பஸ் நிறுத்தத்தில் சும்மா நின்று தொலைத்தால் என்ன பிரயோஜனம்?

முதல் வேலையாக ஒரு சின்ன வேலை செய்யலாம். மலை ரோட்டுப் பலகையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் கிலோ மீட்டரை எழுதுகிறார்கள். அதன் கீழே எத்தனை மணி நேரம் என்று இன்னொரு வரி எழுதட்டும். ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

அந்த வரியை எழுதப் போகிறபோதுதான், அதை எப்படிக் குறைப்பது என்ற யோசனையும் அதிகாரிகளுக்கு வரும்!